சுட்டி என்றார்கள்... சோம்பேறி என்றார்கள்! ஏடிஎச்டி உதவிக்கு யாரிடம் போவது?

சென்னையின் ஓர் அரசு மருத்துவமனை. குழந்தைகள் மனநலப் பிரிவின் வராந்தா. மணி ஒன்பதரைகூட ஆகவில்லை, பெஞ்சு நிறைந்துவிட்டது. எட்டு வயதுப் பையன் ஒருவன் அதே பெஞ்சுக்கு அடியில் இருக்கிறான். அதற்குள் வாட்டர் கேன் குழாயை மூன்று முறை திறந்து மூடியாயிற்று. சுவரில் ஒட்டியிருந்த டெங்கு விழிப்புணர்வு போஸ்டரை உரக்கப் படித்தாயிற்று. செக்யூரிட்டியிடம் போய், "அண்ணே, இந்த விசில் ஊதுமா?" என்று கேட்டு, ஊதியும் பார்த்தாயிற்று.

அம்மாவின் மடியில் தடித்த பிளாஸ்டிக் ஃபைல். பக்கத்தில் மாமியார். "எதுக்கும்மா இங்கல்லாம் கூட்டிட்டு வர்ற? இவங்க அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான். இப்ப சம்பாதிக்கலையா?" அந்த அப்பா அங்கே இல்லை. பையனின் ஆதார் ஜெராக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டார் என்பதால், மறுபடி எடுக்க வெளியே போயிருக்கிறார். பைக் டோக்கனையும் எங்கோ வைத்துவிட்டாராம்.

ஃபைலைப் புரட்டினால் மூன்று வருடக் கதை தெரிகிறது. கண் பரிசோதனைச் சீட்டு: பார்வை நார்மல். காது: நார்மல். இ.இ.ஜி: நார்மல். வல்லாரை சிரப் பில். அபாகஸ் வகுப்பு முதல் நிலைச் சான்றிதழ், இரண்டாம் நிலைக்குக் கட்டிய பணத்துக்கான ரசீது. தனியார் மையம் ஒன்று எடுத்த ஐ.க்யூ. ரிப்போர்ட்: சராசரிக்கும் மேல். பள்ளி டைரியின் நகல்களில் சிவப்பு மையில் 'கேர்லெஸ்', 'டாக்கேட்டிவ்', 'மீட் மீ'. இவ்வளவு தாளில் ஒன்றிலாவது ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) என்ற நான்கு எழுத்து இல்லை. இந்த வராந்தாவைக் காட்டியது பள்ளியும் இல்லை, குடும்ப டாக்டரும் இல்லை. அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் சொன்ன யோசனை அது.

ஒரு நடிகர் சொன்னார், ஊர் தேட ஆரம்பித்தது

2024 மே மாதம், கேரளத்தின் கோதமங்கலத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான 'பீஸ் வேலி' வளாகத்துக்கு வந்த ஃபகத் ஃபாசில், தனக்கு 41 வயதில் ஏடிஎச்டி இருப்பது கண்டறியப்பட்டதாக மேடையில் சொன்னார். சிறு வயதிலேயே தெரிந்திருந்தால் சரிசெய்வது எளிதாக இருந்திருக்கும் என்பது அவர் பேச்சின் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் ஆலியா பட்டும் தனக்கு ஏடிஎச்டி இருப்பதைப் பேட்டியில் சொன்னார். ஃபகத்தின் 'விக்ரம்', 'மாமன்னன்' பார்த்த கூட்டம் அல்லவா! 'அப்ப எனக்கும் இருக்குமோ' என்ற கேள்வி ஐ.டி. கம்பெனி கேன்டீன்களுக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. மிச்சத்தை ரீல்ஸ் பார்த்துக்கொண்டது.

ரீல்ஸை நம்பலாமா? கனடா ஆய்வாளர்கள், டிக்டாக்கில் மிக அதிகம் பார்க்கப்பட்ட 100 ஏடிஎச்டி வீடியோக்களை அலசி 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் 52 சதவீதம் தவறாக வழிநடத்துபவை. டிக்டாக் இங்கே 2020-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அதே சரக்கு வேறு செயலியில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சாவியைத் தொலைப்பவர் எல்லோருக்கும் ஏடிஎச்டி இல்லை. ஆனால் இந்தப் பேச்சைக் கேலி செய்து ஒதுக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ரீல்ஸ் பார்த்துச் சந்தேகப்பட்டு டாக்டரிடம் போனவர்களில் நிஜமாகவே இருபது வருடமாகத் திண்டாடியவர்களும் இருக்கிறார்கள்.

பிரச்னை புதிதும் அல்ல. 1902-லேயே லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். 1937-ல் அமெரிக்காவின் சார்லஸ் பிராட்லி, ஊக்க மருந்து கொடுத்த குழந்தைகள் வகுப்பில் நிதானமானதைப் பதிவு செய்தார். இன்றும் முதல் வரிசையில் இருக்கும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து 1944-ல் தயாரிக்கப்பட்டது. உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம், பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளின் 6 முதல் 11 வயது வரையிலான 770 குழந்தைகளைப் பரிசோதித்து 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது 11.32 சதவீதம். சிறிய ஆய்வுதான். இருந்தாலும், நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் சராசரியாக இரண்டு பேராவது இருப்பார்கள் என்பதை இந்த இரண்டு கணக்கும் மறுக்கவில்லை.

மறுபக்கம், இந்தியாவில் லட்சம் பேருக்கு இருக்கும் மனநல மருத்துவர்கள் 0.75. முழுதாக ஒருவர்கூட இல்லை. அவர்களிலும் குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்கள் சொற்பம். ஆக, தேடுவது அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

நான்கு பேர், நான்கு வேலை

"நல்ல தெரபிஸ்ட் யாராச்சும் தெரியுமா?" இந்தக் கேள்வியிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. கேட்பவருக்குத் தேவை டாக்டரா, சோதனை செய்து ரிப்போர்ட் தருபவரா, வாராவாரம் கூட உட்கார்ந்து பழக்கங்களை மாற்றித் தருபவரா என்பது அவருக்கே தெரியாது. தெரியாமல் போகும் முதல் கதவு எதுவோ, அங்கே இருப்பதைத்தான் கொடுப்பார்கள். அபாகஸ் மையத்துக்குப் போனால் அபாகஸ். ஸ்கேன் சென்டருக்குப் போனால் ஸ்கேன்.

> யார் எதற்கு?
>
> மனநல மருத்துவர் (சைக்யாட்ரிஸ்ட்): எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். ஏடிஎச்டி என்று முடிவு சொல்லவும் மருந்து எழுதவும் இவரால் முடியும்.
>
> கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்: மருத்துவமனைப் பயிற்சியோடு சேர்ந்த எம்.ஃபில். போன்ற படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்றவர். ஐ.க்யூ., கற்றல் குறைபாடு, கவனம் ஆகியவற்றுக்கான சோதனைகள், சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) போன்ற பேச்சு சிகிச்சைகள் இவர் வேலை. மருந்து எழுத முடியாது.
>
> ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறப்புப் பயிற்றுநர்: கையெழுத்து, பட்டன் போடுவது, பையை அடுக்குவது, பாடத்தைத் துண்டு துண்டாகப் படிக்கப் பழக்குவது. சிறு குழந்தைகளுக்கு இவர்களின் உதவி பெரிது.
>
> கவுன்சிலர்: அனுபவமும் படிப்பும் உள்ள அருமையானவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாத ஆன்லைன் சான்றிதழோடு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. படிப்பைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வழக்கமான பாதை இது: முதலில் குழந்தை மருத்துவரோ மனநல மருத்துவரோ பார்த்து, கண், காது, தைராய்டு, ரத்தசோகை, தூக்கம், வலிப்பு ஆகியவற்றில் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு விரிவான பேட்டி. இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்து 'உனக்கு ஏடிஎச்டி' என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின் அளவுகோலை இங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், ஒரே இடத்தில் மட்டும் இல்லாமல் வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தொல்லை தர வேண்டும். வீட்டில் மட்டும் அடம், பள்ளியில் தங்கம் என்றால் விஷயம் வேறு.

அதனால்தான் நல்ல மருத்துவர் ஆசிரியருக்கென்று ஒரு படிவம் கொடுத்தனுப்புவார். பள்ளியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், பத்து நிமிடத்தில் சீட்டு எழுதி நீட்டினால், பணிவோடு வாங்கிக்கொண்டு இன்னொருவரைப் பாருங்கள்.

பெரியவர்களிடம் கேட்பார்கள்: "உங்க அம்மா இருக்காங்களா? பழைய ரேங்க் கார்டு இருக்கா?" முப்பத்தைந்து வயதில் இது என்ன கேள்வி என்று தோன்றும். 12 வயதுக்கு முந்தைய நடவடிக்கை தெரிய வேறு வழியில்லை. பரணில் ஏறித் தேடுங்கள்.

அந்த வராந்தாவில் மாமியார் சொன்னதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 'இவங்க அப்பனும் இப்படித்தான்' என்பதை நாம் ஆறுதலாகச் சொல்கிறோம். டாக்டருக்கு அது குடும்ப வரலாறு. ஏடிஎச்டியில் பரம்பரையின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல் என்று இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மகனைக் காட்ட வந்து, படிவத்தை நிரப்பும்போது தன் கதையைத் தானே படிப்பதுபோல் அப்பா அமைதியாகிவிடுவது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி.

தவறான கதவின் விலை

தவறான இடத்தில் கழிந்த ஆண்டுகளுக்கு என்ன விலை? பணம் அதில் சிறு பகுதி.

முதல் அடி பள்ளியில் விழுகிறது. மூன்றாம் வகுப்புவரை 'வாலு' என்று கன்னத்தைக் கிள்ளியவர்கள், ஆறாம் வகுப்பில் 'அடங்காதவன்' என்பார்கள். ஒன்பதாம் வகுப்பில், ரிசல்ட்டைக் காப்பாற்ற நினைக்கும் தனியார் பள்ளி, "வேற ஸ்கூல் பாருங்களேன், சார்" என்று டி.சி. பற்றி ஜாடையாகப் பேச ஆரம்பிக்கும். பையனுக்குப் பதினான்கு வயதாகும்போது பாடம் ஏறியிருக்காவிட்டாலும் 'நான் உருப்படாதவன்' என்பது நன்றாக மனப்பாடம் ஆகியிருக்கும். சிகிச்சைக்கு வருபவர்களிடம் தெரபிஸ்ட் முதலில் மல்லுக்கட்டுவது கவனக்குறைவோடு இல்லை, இந்த மனப்பாடத்தோடுதான்.

பெண் குழந்தைகள் கதை வேறு. துள்ளிக் குதிக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பற்றி எந்த டீச்சரும் புகார் எழுதுவதில்லை. 'கனவு காண்கிறாள்' என்பதோடு சரி. தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் அட்டவணையும் பள்ளி மணியும் கல்லூரி ஹாஸ்டலில் இருக்காது. சரிவு அங்கே தொடங்கும். அல்லது கல்யாணத்துக்குப் பிறகு: அடுப்பில் பால், வாஷிங் மெஷினில் நேற்றைய துணி, கரண்ட் பில் கடைசித் தேதி, குழந்தையின் ஸ்கூல் ப்ராஜெக்ட், எல்லாம் ஒரே தலையில். "எல்லாரும் செய்யறதுதானே, உனக்கு மட்டும் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் அழுதுகொண்டு டாக்டரிடம் போனால், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை கிடைக்கும். அந்தச் சோர்வும் பதற்றமும் பொய் இல்லை, ஏடிஎச்டியோடு அவை சேர்ந்தே வருவது சகஜம். அடியில் இருப்பதை யாரும் கேட்காமல் விடும்போதுதான் மாத்திரை பாதி வேலையோடு நின்றுவிடுகிறது.

சாலையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. டென்மார்க்கில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-ல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஏடிஎச்டி உள்ளவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைப்போல் சுமார் இரு மடங்கு. பெரிய காரணம், விபத்துகள். பெரியவர்களான பிறகே கண்டறியப்பட்டவர்களிடம் அந்த விகிதம் இன்னும் அதிகம். (இதைப் படித்துப் பதற வேண்டாம், அப்படி இறந்தவர்களின் எண்ணிக்கை மொத்தத்தில் மிகக் குறைவு.) அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் நோயாளிகளை வைத்து 2017-ல் வந்த ஆய்வு இதற்கு மறுபக்கத்தைக் காட்டியது. ஏடிஎச்டி மருந்து எடுத்த மாதங்களில், எடுக்காத மாதங்களைவிட, வாகன விபத்துக்காக மருத்துவமனைக்கு வந்த ஆபத்து ஆண்களுக்கு 38 சதவீதமும் பெண்களுக்கு 42 சதவீதமும் குறைவு. பதினெட்டு வயது முடிந்த கையோடு பைக் சாவியைக் கொடுக்கும் ஊரில், சிகிச்சையை 'படிப்பு விஷயம்' என்று மட்டும் நினைப்பது எவ்வளவு குறுகிய பார்வை!

பிறகு வேலை, கடன், கல்யாணம். மூன்று வருடத்தில் நான்கு கம்பெனி. கட்டப் பணம் இருந்தும் தேதி மறந்து கிரெடிட் கார்டுக்கு அபராதம். சொன்னதைச் செய்யாததால் மனைவிக்கு வரும் சந்தேகம்: 'மறந்துட்டாரா, மதிக்கலையா?' இந்தக் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு விளக்கமும் கிடைத்தாலே சில வீடுகளில் சண்டையின் சூடு பாதியாகக் குறைகிறது.

மாத்திரை என்றதும்...

"தூங்க வெச்சுருவாங்க", "அடிமையாயிருவான்", "பொண்ணு தரமாட்டாங்க." பெற்றோர்கள் பயப்படுவது இந்த மூன்றுக்கும்தான். முதல் பயத்துக்கு அடிப்படையே இல்லை. மெத்தில்ஃபெனிடேட் தூக்க மருந்து அல்ல, ஊக்க மருந்து. சாதாரண வகையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்து சுமார் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை டாக்டர் தொடர்ந்து பார்ப்பார். பார்க்காவிட்டால் கேளுங்கள். இன்னொரு மருந்தான அட்டமாக்செட்டின் ஊக்க மருந்து வகை இல்லை. முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகும்.

அடிமையாவதைப் பற்றிய பயத்தை அரசும் பகிர்ந்துகொள்கிறது. மெத்தில்ஃபெனிடேட் இங்கே 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் இருக்கிறது, போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருகிறது. சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும். ஒன்றை மருந்துக்கடை இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விற்கத் தனி உரிமம் வேண்டும். இந்தத் தலைவலி எதற்கு என்று தெருமுனைக் கடைக்காரர்கள் பலர் அதை வைப்பதே இல்லை. சிறு ஊர்க்காரர்களுக்கு மாதாமாதம் மதுரைக்கோ திருச்சிக்கோ ஒரு நடை. அமெரிக்கத் தொடர்களில் கேள்விப்படும் அட்ரால் இந்தியாவில் கிடையாது.

ஆன்லைன் பிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளை வீடியோ ஆலோசனையில் எழுதத் தடை விதித்தன. பேச்சு சிகிச்சையை வீட்டிலிருந்தே எடுக்கலாம். இந்த மருந்துக்கு டாக்டரை நேரில் பார்க்கத்தான் வேண்டும். செயலியில் ஒரு வருட பேக்கேஜ் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது வயிற்றெரிச்சல்.

மருந்தா, தெரபியா என்று பட்டிமன்றம் நடத்துபவர்களுக்கு: 579 குழந்தைகளை 14 மாதம் பின்தொடர்ந்து 1999-ல் வெளியான அமெரிக்காவின் எம்டிஏ ஆய்வில், கவனக்குறைவு, துறுதுறுப்பு போன்ற மைய அறிகுறிகளைக் குறைப்பதில் சரியாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்துக்கே கூடுதல் பலன். பெற்றோர் உறவு, பழகும் திறன் போன்றவற்றில் மருந்தும் பயிற்சியும் சேர்ந்தபோது நன்மை தெரிந்தது. ஆறு வயதுக்குக் கீழ் என்றால் நிலைமை மாறும். அங்கே முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சி. "எனக்கு எதுக்கு டாக்டர் பயிற்சி, பையனுக்குத்தானே பிரச்னை?" என்று கேட்காத அப்பா அபூர்வம்.

நல்ல தெரபி எப்படி இருக்கும்?

சோபாவில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு மேலே பார்க்கும் ஒருவரிடம் மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டுவது என்பது சினிமா காட்டிய தெரபி. ஏடிஎச்டிக்கு அது மட்டும் போதாது. டைரி, டைமர், காலண்டர் எல்லாம் மேஜைமேல் கிடக்கும் சற்றுச் சலிப்பூட்டும் வேலை இது. 2010-ல் ஜாமா இதழில் வந்த மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வில், மருந்து எடுத்தும் திண்டாட்டம் தீராத 86 பெரியவர்களுக்குச் சிகிச்சை தந்து பார்த்தார்கள். சிபிடி பெற்றவர்களிடம், உடல் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. அந்த சிபிடியின் உள்ளடக்கம்: திட்டமிடுதல், கவனம் சிதறுவதைச் சமாளித்தல், 'என்னால் முடியாது' என்ற எண்ணத்தோடு வாதாடுதல்.

நடைமுறையில் எப்படி? "காலைல சீக்கிரம் எழுந்திரிங்க, டைம்டேபிள் போடுங்க" என்று சொல்பவர் நல்லவராக இருக்கலாம், ஏடிஎச்டி தெரபிஸ்ட் இல்லை. டைம்டேபிள் போடுவதில் இவர்கள் கில்லாடிகள். ஐந்து கலர் ஸ்கெட்ச் பேனாவில் போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள், வியாழக்கிழமைக்குள் அது கண்ணுக்குத் தெரியாத சுவர்ப் பொருளாகிவிடும். என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் செய்யத் தொடங்கும் அந்த நொடியில்தான் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. நல்ல தெரபிஸ்ட் அந்த நொடியில் கை வைப்பார். 'ரெக்கார்டு நோட்டு எழுது' என்பதை 'நோட்டைத் திறந்து தேதி மட்டும் போடு' என்று சுருக்குவார். எதிரே இன்னொருவர் தன் வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கட்டும் என்பார். பரிசை மாசக் கடைசிக்குத் தள்ளாமல் அன்றைக்கே கொடுக்கச் சொல்வார். அடுத்த வாரம் வந்ததும் 'செய்தீர்களா?' என்று கேட்பதோடு நிற்காமல், 'எந்த இடத்தில் நின்றுபோனது?' என்று கேட்பார். அமர்வுக்கு வரவே மறந்துவிட்டால் கோபிக்காமல், அதையே அன்றைய பாடமாக எடுத்துக்கொள்வார்.

மொழியும் முக்கியம். ஆன்லைன் தளங்களில் ஆங்கிலத்தில் பேசும் தெரபிஸ்ட்டுகள் ஏராளம். பையனுக்கு ஆங்கிலம் ஓடும். வீட்டில் பயிற்சியைச் செயல்படுத்த வேண்டிய பாட்டிக்கு ஓடாது. தமிழில் விளக்க முடியுமா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

> முதல் போனில் கேளுங்கள்
>
> உங்கள் படிப்பு என்ன, ஆர்.சி.ஐ. பதிவு எண் உண்டா? (பதிவேட்டில் சரிபார்க்க முடியும்.) ஏடிஎச்டி உள்ளவர்களை, குறிப்பாக என் வயதுக்காரர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் அமர்வில் என்ன நடக்கும்? பள்ளியோடு பேசுவீர்களா? மருந்து தேவைப்பட்டால் எந்த மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்கிறீர்கள்? கட்டணம் எவ்வளவு, வராவிட்டாலும் பிடிப்பீர்களா?
>
> உஷார்: 'ஆறு வாரத்தில் பூரண குணம்', 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்', 'பிரெய்ன் மேப்பிங் எடுத்தால் போதும்', 'மொத்தப் பணமும் முன்பணம்', 'டாக்டர் கொடுத்த மருந்தை நாளைக்கே நிறுத்துங்கள்'. இதில் எது காதில் விழுந்தாலும் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

தேடலே ஒரு பரீட்சை

ஏடிஎச்டி உள்ள ஒருவர் தெரபிஸ்ட் தேடுவதில் ஒரு கொடுமை உண்டு. ஐந்து பேரின் எண்ணைச் சேகரிக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் போன் செய்ய வேண்டும், எடுக்காதவரை மறுநாள் கூப்பிட வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், மூன்று வாரம் கழித்து வரும் தேதியை மறக்காமல் இருக்க வேண்டும். எது எதற்காக உதவி கேட்டு வருகிறாரோ, அது அத்தனையும் வாசலிலேயே கேட்கப்படுகிறது. 'சரி, நாளைக்கு' என்று உலாவியில் திறந்து வைத்த பக்கங்கள் ஆறு மாதம் அப்படியே கிடக்கும்.

இதற்கு மனஉறுதி மருந்தில்லை, இன்னொரு ஆள்தான் மருந்து. போன் செய்யும் பொறுப்பைத் தங்கையிடமோ நண்பனிடமோ கொடுத்துவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மனைவிதான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. அவர் ஏற்கெனவே வீட்டின் மொத்த ஞாபகத்தையும் சுமந்துகொண்டிருப்பார். இரண்டு பெயர் போதும், பத்துப் பெயரை ஒப்பிட்டு எக்செல் போட உட்கார்ந்தால் அந்த எக்செல்தான் மிஞ்சும். முதல் நான்கைந்து அமர்வுக்குள் வேலை எந்தத் திசையில் போகிறது என்று புரிய வேண்டும். புரியவில்லை என்றால் தெரபிஸ்ட்டிடமே சொல்லலாம், மாற்றலாம். டாக்டரை மாற்றுவதைத் துரோகமாக நினைப்பது நம் ஊர்ப் பழக்கம்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 அமர்வுக்கு 18,000. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தருபவை. வாரம் ஒருமுறை வந்துபோகும் தெரபிக்கு அவை உதவுவதில்லை. அதனால் அரசு வாசல்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

> அரசு வாசல்கள்
>
> 14416: டெலி-மானஸ் இலவச எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழகத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. அருகில் எங்கே போகலாம் என்று தமிழிலேயே கேட்கலாம்.
>
> டிஇஐசி: 18 வயது வரையிலானோருக்கான மாவட்ட இடையீட்டுச் சேவை மையம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்பிஎஸ்கே (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டிய 30 குறைபாடுகளில் ஏடிஎச்டியும் உண்டு. ஆசிரியர் நினைத்தால் அந்தக் குழுவின் கண்ணில் படவைக்கலாம்.
>
> அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்: மனநலப் பிரிவில் பெரியவர்களும் காட்டலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் பலருக்குத் தெரிந்தவை.
>
> வேலூர் சி.எம்.சி.: அரசு நிறுவனம் அல்ல. பாகாயத்தில் உள்ள அதன் 'நம்பிக்கை நிலையம்' பிரிவு, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரையும் சேர்த்தே பயிற்றுவிப்பதற்குப் பெயர் பெற்றது.

ஸ்கூலில் சொல்லலாமா, ஆபீசில் சொல்லலாமா?

உதவி கிடைத்த பிறகு வரும் கேள்வி இது. பள்ளியைப் பொறுத்தவரை, சொல்வதில்தான் லாபம் அதிகம். முதல் பெஞ்ச், ஒரே நேரத்தில் ஒரே கட்டளை, நடுவில் கரும்பலகையைத் துடைக்க எழுப்பிவிடுவது போன்ற சலுகைகளுக்கு எந்த ஜி.ஓ.வும் தேவையில்லை, நல்ல மனசுள்ள டீச்சர் போதும். பொதுத்தேர்வு என்று வரும்போதுதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இருக்கின்றன, ஏடிஎச்டிக்குத் தனி இடம் இல்லை. கூடவே கற்றல் குறைபாடும் உள்ள குழந்தைக்கு அந்தச் சான்றிதழ் வழியாகக் கூடுதல் நேரம் கிடைக்க வாய்ப்புண்டு. ஏடிஎச்டி மட்டும் என்றால், கணக்கு தெரிந்தும் கடைசி இரண்டு பக்கத்தை விட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு மார்ச் மாதத்தில் பெரிய ஆதரவு இல்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே கற்றல் குறைபாட்டுக்கும் சேர்த்துச் சோதனை எடுத்துவிடச் சொல்வது இதனால்தான். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடினால் தேதி கிடைக்காது.

ஆபீசில் நிலைமை தலைகீழ். எச்.ஆரிடம் சொன்னால் புரிந்துகொள்வார்களா, அடுத்த அப்ரைசலில் நினைவுபடுத்துவார்களா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மனநலச் சிகிச்சை விவரங்கள் ரகசியம் என்று 2017 சட்டம் சொல்கிறது, சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. ஏடிஎச்டி என்ற பெயரை எடுக்காமலே கேட்டுப் பெறக்கூடியவை நிறைய இருக்கின்றன: மீட்டிங் முடிந்ததும் செய்ய வேண்டியதை மெயிலில் அனுப்பச் சொல்வது, நடைபாதை ஓரத்து சீட்டை மாற்றிக் கேட்பது, பெரிய டெட்லைனை வாரத்துக்கு ஒன்றாக உடைக்கச் சொல்வது. இதையெல்லாம் கேட்கும் ஊழியரை மேனேஜர்கள் 'பொறுப்பானவர்' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.